முடிக்கு மாத்திரை, ஜிம்முக்கு ஊசி... விந்தணுவுக்கு என்ன ஆகும்?

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனால் போதும், "விசேஷம் ஏதாவது உண்டுங்களா?" என்ற கேள்வி கொங்கு வீடுகளில் பெண்ணைப் பார்த்துத்தான் வரும். ஆர்.எஸ்.புரத்தில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று முதலில் அலைவதும் பெரும்பாலும் அவர்தான். கணவர் தினமும் என்ன மாத்திரை போடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும். அது முதிர்ந்து வெளிவரும் நாட்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 மாசம். அதாவது, இன்றைய ரிசல்ட்டில் தெரிவது 3 மாசத்துக்கு முந்தைய கதையும்தான்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்ன செய்யும்?

ஆண் ஹார்மோனை ஏற்றினால் ஆண்மை கூடும் என்றுதான் தோணும். நடப்பது நேரெதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், 'இருப்பு போதும்' என்று மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் சிக்னலை நிறுத்திவிடும். சிக்னல் இல்லாமல் விரையில் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உடம்பு முறுக்கேறி இருக்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யமாகக்கூட இருக்கலாம்.

இதை கருத்தடைக்கே பயன்படுத்திப் பார்த்தார்கள். உலக சுகாதார அமைப்பின் ஆய்வு 1990-ல் வெளியானது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டதில், 6 மாசத்துக்குள் பாதிக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பி வரும். ஆனால் பல மாசம் ஆகும், சிலருக்கு 2 வருஷம்கூட. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஜிம்மில் தெரிந்தவர் சொன்னார் என்று போட்டுக்கொள்பவர்கள் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேறு எந்த மருந்துகள்?

முடி கொட்டுவதற்கான ஃபினாஸ்டரைடு பெரும்பாலானோருக்குப் பிரச்சினை தராது. ஏற்கெனவே எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். நிறுத்தியதும் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். மூட்டுவாதத்துக்கும் பெருங்குடல் புண்ணுக்கும் தரும் சல்ஃபாசலசின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கும். நிறுத்தினால் 2, 3 மாசத்தில் சரியாகும். குடல் புண்ணுக்கு மெசலமின் என்ற மாற்று மருந்தும் உண்டு. புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் விந்து வெளியேறுவதில் குழப்பம் செய்யும்.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. மன அழுத்தத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ போடுவதை திடீர்னு நிறுத்துவது பெரிய ஆபத்து. மருந்துச் சீட்டு, ஜிம் பவுடர், நாட்டு மருந்து எல்லாத்தையும் டாக்டரிடம் காட்டணும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்ல கூச்சமா இருந்தால் தனியாகச் சொல்லலாம். மருந்தை மாற்றினால், 3 மாசம் கழித்து மறுபடி டெஸ்ட்.

புற்றுநோய் கீமோதெரபிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் பாதிப்பு நிரந்தரமாகலாம். அதனால் முதல் டோஸுக்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்க முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். கல்யாணமாகாத பையனாக இருந்தாலும் சரி.