துவக்கு வெடித்தே ஆகவேண்டுமா?

சித்தியின் மகளுக்கு இருபது வயது. யூனியில் திரைப்படத்தையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது ரூறிஸ்ட் ஃபமிலி பற்றிப் பேச்சு வந்தது. “அண்ணா, அது சும்மா கிளிஷே. எல்லாரும் நல்லவை, கடைசியில எல்லாரும் அழுகினம். தீபன்தான் உண்மையான படம்” என்றாள். அன்றிரவு அவளோடு ஒரு மணித்தியாலம் வாதாடினேன். வாதத்தில் வென்றேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவளிடம் சரியாகச் சொல்லமுடியாமல் போனதை இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். கடைசி அரை மணித்தியாலத்தை வைத்துப் பார்த்தால் இரண்டில் கூடுதலாக வாய்ப்பாட்டுக்குள் போய் விழுந்த படம் தீபன். அதுவும் எங்கள் அப்பாமார், மாமாமார் பற்றி வெளியாட்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருக்கும் வாய்ப்பாட்டுக்குள்.

முதலில் பார்க்காதவர்களுக்காக. ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சு இயக்குநர் எடுத்த படம். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. பெரும்பகுதி தமிழிலேயே பேசுகிறது. தீபனாக நடித்தவர் அன்ரனிதாசன் யேசுதாசன். எழுத்தாளர் ஷோபாசக்தி என்றால் உங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சிறு வயதிலேயே இயக்கத்தில் இருந்தவர், பிறகு பிரான்சுக்கு அகதியாகப் போனவர். போர் முடிந்த நேரம் ஒரு போராளி, முன்பின் தெரியாத ஒரு பெண், தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி ஆகிய மூன்று பேரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் குடும்பமாக நடித்துக்கொண்டு பிரான்சுக்கு வருகிறார்கள். பாரிசுக்கு வெளியே, போதைப்பொருள் கும்பல் ஆளும் ஒரு அடுக்குமாடித் தொகுதியில் தீபனுக்குப் பராமரிப்பாளர் வேலை கிடைக்கிறது.

படத்தின் முதல் முக்கால்வாசி அவ்வளவு சரியாக இருக்கிறது. இருட்டுக்குள் இருந்து சிவப்பும் நீலமுமாய் மின்னும் சின்ன வெளிச்சங்கள் வருகின்றன; என்னவென்று பார்த்தால், தீபன் தலையில் மினுங்கும் விளையாட்டுச் சாமானோடு தெருவில் வியாபாரம் செய்துகொண்டு நிற்கிறார். அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலில் மொழிபெயர்ப்பாளரும் தமிழர். அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் விளங்காமல் இருக்க, இந்தப் பக்கம் இரண்டு தமிழரும் வேறொரு பேச்சுப் பேசுகிறார்கள். நீ சொல்லும் கதை இங்கே எடுபடாது என்று ஒருவர் மற்றவருக்குத் தமிழிலேயே விளங்கப்படுத்துகிறார்.

அந்தக் காட்சியை நான் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அகதி நேர்காணலும் ஒரு வகைப் படம்தானே? அதிகாரி தலைக்குள் ஒரு திரைக்கதை இருக்கிறது. தொடக்கம், ஆபத்து, தப்புதல், திகதிகள் பிசகாமல் இருக்கவேண்டும், வலி இருக்கவேண்டும், ஆனால் அளவுக்கு மிஞ்சக்கூடாது. உண்மையாகவே நடந்ததாக இருந்தாலும் அந்த வடிவத்துக்குள் பொருந்தவில்லை என்றால் கதை நிராகரிக்கப்படும். எங்கள் வீடுகளில் எத்தனை அப்பாமார் அந்தத் திரைக்கதையை மனப்பாடம் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பதில் சொல்லமாட்டார்கள்.

பிறகு அந்தச் சிறுமி இளையாள். பெரியவர்களுக்கு முந்திப் பிரெஞ்சு பிடித்துவிடுகிறாள். கடிதம் வாசிப்பவளும் மொழிபெயர்ப்பவளும் அவள்தான். பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் செய்வதுபோல யாழினியும் தன்னை முத்தமிடவேண்டும் என்று எதிர்பார்க்கிறாள். பத்து வயதில் அப்பாவோடு வங்கிக்குப் போய் “மை டாட் இஸ் ஆஸ்கிங்” என்று தொடங்கியவர்கள் நீங்கள் என்றால், அந்தப் பிள்ளை யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது கடைசிப் பகுதி. கும்பல்களுக்குள் சண்டை முற்றுகிறது. யாழினி ஒரு வீட்டில் சமைத்துத் துப்புரவாக்கும் வேலை செய்கிறாள். அந்த வீட்டில்தான் கும்பலின் தலைவனும் இருக்கிறான். அவள் அங்கே அகப்பட்டுக்கொள்ள, தீபன் புகை நிறைந்த படிக்கட்டில் ஆட்களைச் சரித்துக்கொண்டு ஏறுகிறார். அதற்குப் பிறகு திடீரென்று வெயில், புல்வெளி, விருந்தினர், கைக்குழந்தை. இங்கிலாந்து. அதாவது எங்கள் ஊர்.

இந்த வகைப் படத்துக்குப் பழைய பரம்பரை இருக்கிறது. போரிலிருந்து வந்தவன், அல்லது அமைதியாக ஒதுங்கி இருப்பவன், ஒரு கட்டத்தில் எல்லை மீறப்பட்டு ஆயுதம் தூக்குவான். 1971இல் ஸ்ட்ரோ டோக்ஸ், 1976இல் ரக்சி ட்றைவர், 1982இல் ஃபேர்ஸ்ட் பிளட். நீங்கள் றம்போ என்றாலே எந்திரத் துப்பாக்கியை நினைப்பீர்கள். ஆனால் அந்த முதல் படத்தில் மொத்தமாகச் சாவது ஒரே ஒருவன், அதுவும் ஹெலிகொப்ரரில் இருந்து விழுந்து. நாயகன் கடைசியில் அழுது சரணடைகிறான். அடிப்படையான நாவலில் அவன் செத்தே போகிறான். அந்த வகையின் புகழ்பெற்ற படமே தன் வாய்ப்பாட்டைப் பார்த்துத் தயங்கியிருக்கிறது. துவக்கு தாராளமாக வெடிக்கத் தொடங்கியது இரண்டாம் பாகத்தில் இருந்துதான்.

ஒரு நாடகத்தில் சுவரில் துவக்கு தொங்கினால் அது பிறகு வெடிக்கவேண்டும் என்பது செக்கோவ் பெயரில் எல்லாருக்கும் தெரிந்த விதி. முன்னாள் போராளி ஒருவர் கதைக்குள் வந்தால் அவரே அந்தத் துவக்கு. பார்ப்பவர் முதல் காட்சியில் இருந்து, இவன் எப்போது வெடிப்பான் என்று காத்திருக்கிறார். இந்த எதிர்பார்ப்பு பிழை இல்லை. ஒரு வகையைச் சேர்ந்த படம் என்பதே பார்ப்பவரோடு செய்யும் ஒப்பந்தம்தான். என் வேலை மொழியில் சொன்னால், மென்பொருள் பொதியோடு வரும் டீஃபோல்ட் செட்டிங் மாதிரி. அதை மாற்றாமல் விட்டால் குற்றமில்லை. ஆனால் அது உன் தேவைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் விட்டால், பிறகு வருகிற பிழை உன்னுடையது.

தீபனில் எனக்குக் கோபம் வருவது ஏனென்றால், படம் தன் பதிலை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. நடுவில் பழைய தளபதி ஒருவர் வருகிறார். ஆயுதம் வாங்கக் காசு சேர்க்கவேண்டும் என்கிறார். எனக்குப் போர் முடிந்துவிட்டது என்று தீபன் மறுக்க, அடி விழுகிறது. திரும்பி வந்து நிலவறையில் தனியாகக் குடித்துவிட்டுப் பாடுகிறார். அதற்குப் பிறகு ஒரு நாள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தரையில் வெள்ளைக்கோடு போட்டு, இந்தப் பக்கம் சுடக்கூடாது என்று அறிவிக்கிறார். 2009இல் ‘பாதுகாப்பு வலயம்’ என்ற சொல்லுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடு ஒன்றே போதும். பெயின்ற் வாளியோடு ஒரு மனிதர், தன் வாழ்க்கையில் ஒரேயொரு தடவையாவது அந்தச் சொல்லை உண்மையாக்கப் பார்க்கிறார். எந்த வாய்ப்பாட்டிலும் இல்லாத காட்சி அது. அடுத்த இருபது நிமிடத்தில் படம் அவர் கையில் இருந்து வாளியைப் பறித்துவிட்டுத் துவக்கைக் கொடுக்கிறது.

அந்த இங்கிலாந்துக் காட்சி கனவாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ரக்சி ட்றைவர் முடிவுக்கும் அதே வாதம் உண்டு. கனவோ நனவோ, கொலைகளைத் தாண்டித்தான் அந்தப் புல்வெளிக்கு வழி என்று படம் வைத்திருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த லண்டனுக்கு என் அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துதான் வழி கண்டார்.

அப்பாவோடு சேர்ந்துதான் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வாளியோட நிண்ட ஆளைத் தெரியும். பிறகு படியில ஏறினவன் ஆரெண்டு தெரியேல்ல” என்றார். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.

எங்கள் வீட்டுக்கு வரும் மாமா ஒருவர் இருக்கிறார். சொந்த மாமா இல்லை, அப்பாவின் கூட்டாளி. இளம் வயதில் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று அரைகுறையாகத்தான் எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக இரவில் சுப்பர்மார்க்கெற் தட்டுகளுக்குச் சாமான் அடுக்குகிறார். நவம்பர் 5 இரவு வெளியே வாணவேடிக்கை தொடங்கினால் ஒன்றும் சொல்லாமல் ரிவி சத்தத்தைக் கூட்டுவார். அவ்வளவுதான். யாரையும் அடித்ததில்லை, கத்தியதுகூட இல்லை. அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் பஸ் ஓட்டுகிறார்கள், உணவகங்களில் கோப்பை கழுவுகிறார்கள். துவக்கு வெடிக்கவே இல்லை. அது வெடிக்காமல் இருக்க அவர்கள் ஒவ்வொரு நாளும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் தலைமுறைக்குத் தெரியாத கதை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தீபனைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்க்கும்போது என்ன நினைப்பார் என்று நான் யோசித்ததுண்டு. தங்கச்சி அப்படி யோசிக்கவில்லை. அவளுக்கு அது வெறும் ‘மூன்றாம் அங்கம்’.

தமிழ்நாட்டுப் படங்கள் இதில் மேலா என்றால், இல்லை. ஜகமே தந்திரம் 2021இல் நெட்பிளிக்ஸில் வந்தபோது எங்கள் கதை என்று நம்பி ஆவலோடு உட்கார்ந்தேன். மதுரை ரவுடி லண்டனுக்கு வந்து, அகதிகளுக்கு உதவும் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு திருந்துகிறார். ஈழத்துப் பெண்ணின் துயரம் முழுவதும் தனுஷ் திருந்துவதற்கான பாடப்புத்தகம். நாயகப் படத்தின் விதி அது. அந்த விதிக்குள் யார் வந்தாலும் துணைப் பாத்திரம்தான். ஒன்றை மட்டும் பாராட்டவேண்டும்: வில்லனைச் சுட்டுக் கொல்லாமல் நாடற்றவனாக விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் படத்துக்கு ஏதோ விளங்கியிருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. கபாலி (2016) முடிவில் திரை இருண்டு ஒரு வெடிச்சத்தம் மட்டும் கேட்கும், நினைவிருக்கிறதா? மலேசியத் திரையரங்குகளில் கபாலி பொலிசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். கதை நடந்த நாட்டிலேயே கதைக்கு வேறு முடிவு. குற்றம் செய்தவன் தப்பக்கூடாது என்பதும் ஒரு வாய்ப்பாடுதான், அதை எழுதுபவர் இயக்குநராக இல்லாமல் தணிக்கை அதிகாரியாக இருக்கலாம்.

சரி, ரூறிஸ்ட் ஃபமிலி. தங்கச்சி சொன்னதில் பொய் இல்லை. ஒருவரோடொருவர் பேசாத தெரு, புதிதாக வரும் நல்ல குடும்பம், ஒவ்வொருவராக உருகுவது எல்லாம் நாங்கள் ஆயிரம் தடவை பார்த்தது. 2025 மே மாதம் வந்த படம் என்றாலும் தொண்ணூறுகளின் குடும்பப் படம் மாதிரித்தான் நடக்கிறது. சில இடங்களில் எனக்கே சீனி கூடிவிட்டது. சசிகுமாரின் ஈழத்தமிழ் ஆங்காங்கே வழுக்குகிறது, அப்பா ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டே பார்த்தார்.

ஆனால் அபிஷன் ஜீவிந்த் என்ற இளம் இயக்குநர் தன் முதல் படத்திலேயே ஒன்று செய்திருக்கிறார். நல்ல மனம் வெல்லும் என்ற வாக்கைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டே, ஆபத்தை எங்கே வைப்பது என்பதை மாற்றிவிட்டார். பொருளாதார நெருக்கடியால் படகில் வந்த குடும்பத்துக்கு ஆபத்து துவக்கில் இல்லை, வாயில் இருக்கிறது. பேசினால் பிடிபடுவோம். தமிழரின் நகரத்தில் தமிழ் பேசப் பயம். சென்னைக்குப் போய் ஓட்டோவில் ஏறி வாய் திறந்ததும் “கேரளாவா?” என்று கேட்கப்பட்ட எங்கள் எல்லாருக்கும் அந்தப் பயத்தின் சின்னத் துண்டு தெரியும். கடைசியில் பொலிஸ் தேடி வரும்போது தெருவே ஈழத்தமிழ் பேசத் தொடங்குகிறது. நடக்கக்கூடியதா? இல்லை. இந்த வகைப் படத்தில் அற்புதம் நடக்கும் என்பது முதலிலேயே போட்ட ஒப்பந்தம், அதனால் நம்புகிறோம். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்த சினிமாவில் அந்தப் பேச்சே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் அப்பா திருத்துவதை நிறுத்திவிட்டார்.

கலைத்திறன் என்று பார்த்தால் தீபன் எங்கோ மேலே நிற்கிறது. அதை மறுக்கவில்லை. தங்கச்சிக்கு நான் சொன்னதும் அதைப் பார்க்காதே என்று இல்லை. முடிந்தால் அம்மா அப்பாவோடு பார், அந்த வெள்ளைக்கோட்டுக் காட்சியில் நிறுத்து, பிறகு என்ன நடக்கவேண்டும் என்று அவர்களிடம் கேள் என்றேன்.

நான் கேட்டேன். ஒரு பராமரிப்பாளர், பழுதான லிஃப்ட், குப்பைத்தொட்டிகள், இரவில் நித்திரை இல்லாத ஒரு மனிதர், கடைசிவரை ஒரு வெடியும் இல்லாத இரண்டு மணித்தியாலப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று.

“அதை ஆர் பாப்பினம்?” என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு பாட்டு வைச்சால் பாக்கலாம்” என்றார்.