காருக்குப் பின்னாடி சைக்கிள் ரேக்: ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

ஒரு ட்ரிப்புக்கு 7,900 ரூபாய். என் காருக்குப் பின்னாடி சைக்கிள் மாட்டிக்கிட்டுப் போனதுக்கு நான் கொடுத்த விலை இது. பெட்ரோல், டோல் எல்லாம் தனி. தொழில்ல நான் ஒரு சி.ஏ. அடுத்தவங்களுக்குக் கணக்குப் பார்க்கிற ஆளு, சொந்தக் காசுல எப்படிக் கோட்டை விட்டேன்னு இன்னைக்குச் சொல்றேன். படிச்சு முடிச்சதும் உங்க கார்ட்ல கிடக்கிற அந்த ரேக்கை என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

முதல்ல, நான் பேசுறது எந்த ரேக்கைப் பத்தின்னு தெளிவா சொல்லிடுறேன். டிக்கி கதவுல பெல்ட் போட்டுக் கட்டுற ரேக் இல்ல. காரோட அடியில, சேஸிஸ்ல ஒரு டோ பார் போல்ட் பண்ணி, அதோட குண்டு மேல உட்கார வைக்கிற ரேக். வெளிநாட்டு வீடியோக்கள்ல பார்த்திருப்பீங்க. மூணு சைக்கிளை அப்படியே தூக்கி வைச்சு, ஒரு க்ளிப் போட்டு, ரெண்டே நிமிஷத்துல கிளம்பிடுவாங்க. அதைப் பார்த்துதான் நானும் விழுந்தேன்.

என் கணக்கு

நான், மனைவி, 9 வயசுப் பொண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு வரைக்கும் சைக்கிள் ஓட்டணும், மாசம் ரெண்டு தடவை போகணும். இதுதான் பிளான். டோ பார், ஃபிட்டிங்கோட 17,000. ரேக்குக்குப் பின்னாடி லைட் எரியறதுக்கு வயரிங் 4,000. மூணு சைக்கிள் ரேக் 39,000. மொத்தம் 60,000 ரூபாய்.

ஒன்றரை வருஷத்துல எத்தனை தடவை போனோம்? ஒன்பது. மழை, மாமனார் வீட்டு விசேஷம், மாசக் கடைசி க்ளோசிங், பாப்பாவுக்கு டான்ஸ் கிளாஸ். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒண்ணு வந்துடும்.

அப்புறம் ஒரு நாள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ரிவர்ஸ் எடுத்தேன். ரேக் மாட்டல, டோ பார் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சென்சார் கத்துறதுக்குள்ள அது தூண்ல மோதிடுச்சு. மெதுவாத்தான் வந்தேன். சாதாரணமா இருந்தா பம்பர்ல ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனா டோ பார் வளையல. அது வாங்கின அடி நேரா உள்ளே போய், ஸ்டெப்னி வைக்கிற தரைத் தகடு மடங்கிடுச்சு. பில் 46,000.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார், குனிஞ்சு பார்த்தார். "இது கம்பெனி ஃபிட்டிங்கா சார்? பாலிசியில சொல்லியிருக்கீங்களா?" ரெண்டுக்கும் பதில் இல்லைதான். பம்பர் செலவுன்னு 15,000 வந்துச்சு. மீதி 31,000 என் கையில இருந்து போச்சு. ரேக்கை 20,000-க்கு வித்தேன். 60,000 கூட்டல் 31,000, கழித்தல் 20,000. ஆக 71,000 ரூபாய், ஒன்பது ட்ரிப். வகுத்துப் பாருங்க.

என் மனைவி சண்டை எல்லாம் போடல. "உங்க கிளையன்ட் யாராவது இப்படிப் பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

கேள்வி 1: எத்தனை ட்ரிப்?

"எத்தனை தடவை போவேன்"னு யோசிக்காதீங்க. போன 12 மாசத்துல சைக்கிளை எடுத்துக்கிட்டு வெளியூரோ ஈ.சி.ஆரோ உண்மையிலேயே எத்தனை தடவை போனீங்கன்னு கேலண்டரை எடுத்து எண்ணுங்க. 60,000 ரூபாய் செட்டப், 5 வருஷம் கழிச்சு 15,000-க்கு விக்கலாம்னு வைச்சுக்கோங்க. நிகரச் செலவு 45,000. வருஷத்துக்கு 24 ட்ரிப் போனா, ஒரு ட்ரிப்புக்கு 375 ரூபாய். நியாயமான விலை. வருஷத்துக்கு 6 ட்ரிப்னா 1,500. நாங்க பாண்டிச்சேரி போனப்போ ஒரு சைக்கிளுக்கு ஒரு நாள் வாடகை 150 கொடுத்தோம். மூணு சைக்கிளுக்கு 450. கூடவே, அதே 60,000-ஐ 7% வட்டியில 5 வருஷம் போட்டு வைச்சா சுமார் 84,000 ஆகியிருக்கும்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கே"ன்னு சொல்வீங்க. வட்டியைத் தள்ளுபடியா காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி.யை நீங்கதான் கட்டணும், ப்ராசஸிங் ஃபீஸ் தனி. சில நூறு ரூபாய்தான், அது கூடப் பரவாயில்ல. மாசம் 6,500-னு பார்த்ததும் "எத்தனை ட்ரிப்"ங்கிற கேள்வியையே நாம கேக்காம விட்டுடுறோம். பெரிய நஷ்டம் அதுதான்.

கேள்வி 2: கார் யாரோடது?

சிரிக்காதீங்க. ஐ.டி. கம்பெனிகள்ல வரி மிச்சம் பண்ண கார் லீஸ் எடுத்த நிறைய பேர் இதைப் படிக்கிறீங்க. லீஸ் முடியற வரைக்கும் ஆர்.சி.யில ஓனர் நீங்க இல்ல. அடுத்தவங்க கார்ல டிரில் போடுறதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி வாங்கணும். பேங்க் லோன்ல எடுத்த கார்னா, ஹைபாதிகேஷன் இருக்கிற வரைக்கும் மாற்றம் பண்றதுக்கு முன்னாடி பேங்க்கையும் கேளுங்க.

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்கள்ல இருந்து வண்டி மாறுபடக் கூடாதுன்னு சொல்லுது. 2017 டிசம்பர்ல கிராஷ் கார்டு, புல் பார் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதினதும் இந்தப் பிரிவை வைச்சுத்தான். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதே நிலைப்பாட்டை உறுதிப்படுத்துச்சு. அதனால லோக்கல் ஒர்க்ஷாப்ல "எல்லாரும் போடுறாங்க சார்"னு சொல்றதை நம்பாதீங்க. உங்க கார் கம்பெனியோட அதிகாரப்பூர்வ ஆக்சஸரி லிஸ்ட்ல டோ பார் இருக்கான்னு பாருங்க. இருந்தா மேல யோசிக்கலாம். இல்லைன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

கேள்வி 3: பாலிசியில எழுதியிருக்கா?

கார்ல எது புதுசா மாட்டினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க. பில்லை இணைச்சு, பதில் வந்ததும் பத்திரமா வைங்க. எலக்ட்ரிக்கல் ஆக்சஸரிக்குப் பொதுவா அதோட மதிப்புல 4% கூடுதல் பிரீமியம். 4,000 ரூபாய் வயரிங்னா 160 ரூபாய், கூட ஜி.எஸ்.டி. நான்-எலக்ட்ரிக்கல்னா அதோட மதிப்பு வண்டியோட ஐ.டி.வி.யில சேரும். அந்தச் சின்னத் தொகையையும் ஒரு மெயிலையும் சோம்பேறித்தனத்துல விட்டதுக்குத்தான் நான் 31,000 கட்டினேன். இன்னொண்ணு: கார் பாலிசி காரையும் அதோட ஆக்சஸரியையும்தான் கவர் பண்ணும். ரேக்ல இருக்கிற 40,000 ரூபாய் சைக்கிள் விழுந்து நசுங்கினா, அது உங்க செலவு.

அப்போ அங்கே மட்டும் எப்படி?

ஜெர்மனியிலோ பிரிட்டன்லயோ வேலை பார்க்கிறவங்களும் இதைப் படிக்கிறீங்க. உங்களுக்கு என் பதில் வேற. அங்கே டோ பார் கார் வாங்கும்போதே ஆப்ஷனா கிடைக்குது. அந்தக் குண்டு மேல எத்தனை கிலோ நிக்கலாம்னு எழுதியிருக்கும். ரேக்கோட பிளக்கை சாக்கெட்ல சொருகினா லைட் எரியும். ரேக்ல மாட்ட இன்னொரு நம்பர் பிளேட் செஞ்சுக்கலாம்.

இங்கே ரேக் நம்பர் பிளேட்டை மறைக்கும். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்கள்ல இருக்கிறது லேசர் எண் பொறிச்ச ஹை செக்யூரிட்டி பிளேட். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர். ரேக்குக்குன்னு தெருமுனைக் கடையில ஒரு பிளேட் அடிச்சு மாட்டினா அது அந்தப் பிளேட் ஆகாது.

அங்கே இருக்கிறவங்களும் எடைக்கணக்கைப் போட்டுட்டு வாங்குங்க. டோ பார் லிமிட் 75 கிலோன்னு வைச்சுப்போம். ரேக் 18, பெரியவங்க சைக்கிள் ரெண்டு 28, குழந்தையோடது 11. மொத்தம் 57, ஓ.கே. அந்த ரெண்டும் தலா 24 கிலோ இ-பைக்னா மொத்தம் 77. தாண்டிடுச்சு. ரேக்குக்குன்னு தனி லிமிட் இருக்கும், அதையும் பார்க்கணும். கழட்டி வைக்கிற மாதிரி டோ பார் கிடைச்சா அதையே எடுங்க. என் பேஸ்மென்ட் தூண் கதை உங்களுக்கு நடக்காது.

இப்போ நாங்க என்ன பண்றோம்?

கடைசி வரிசை சீட்டையும் நடு வரிசையில பாதியையும் மடக்கிடுவோம். முன் சக்கரத்தைக் கழட்டி, பழைய பெட்ஷீட் விரிச்சு, ரெண்டு சைக்கிளைப் படுக்க வைப்போம். செலவு பூஜ்யம். கூட பத்து நிமிஷம் ஆகும், கையில கொஞ்சம் கிரீஸ் ஒட்டும். பாப்பாவும் ஒருத்தரும் ஓட்டுவாங்க, இன்னொருத்தர் நடப்போம். வெளியூர் போனா மூணாவது சைக்கிள் வாடகைக்கு. போன வருஷத்தை விட இந்த வருஷம் அதிக தடவைதான் போயிருக்கோம். எங்களைத் தடுத்தது ரேக் இல்லாததே இல்ல, காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்காததுதான்.

நீங்க வருஷத்துக்கு 20 தடவைக்கு மேல உண்மையிலேயே போறவரா, கார் உங்க பேர்ல இருக்கா, டோ பார் கம்பெனி லிஸ்ட்ல இருக்கா, பிளேட்டும் லைட்டும் மறையாம மாட்ட முடியுமா, இன்ஷூரன்ஸ் மெயில் கையில இருக்கா? அப்போ தாராளமா வாங்குங்க, நல்லா அனுபவிங்க. இதுல ஒண்ணுக்கு "இல்ல"ன்னு பதில் வந்தாலும், கார்ட்ல இருந்து அதை எடுத்துடுங்க. அந்தக் காசுக்கு வேற நல்ல வேலை இருக்கு.