மூன்று கிராம் விருந்தாளி

வசந்த காலம் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு புது வேலை வந்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், காப்பிக் கோப்பையுடன் வாசலில் உட்காரும்போதும் அவர்கள் கண் ஒரு விருந்தாளியைத் தேடிக்கொண்டே இருக்கும். கடல் தாண்டி வருகிற விருந்தாளி அது. எடையோ சுமார் 3 கிராம்தான். நம் ஊர்க் கணக்கில் அரைப் பவுன் தங்கம்கூட இல்லை!

அதுதான் ஹம்மிங் பறவை. சிறகடிக்கும்போது வண்டைப் போல ரீங்காரம் எழுவதால் வந்த பெயர் இது. இந்தப் பறவைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும்தான் வாழ்கின்றன. உலகிலேயே மிகச் சிறிய பறவை கியூபா தீவில் இருக்கிறது. அதுவும் இந்த ஜாதியே. எடை ஏறக்குறைய 2 கிராம்.

ஒரே மூச்சில் 500 மைல்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் ஹம்மிங் பறவை இனம் ஒன்றே ஒன்றுதான். ஆண் பறவையின் கழுத்து வெயிலில் மாணிக்கக் கல்லைப் போல ஜொலிக்கும். மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இது வடக்கே புறப்படுகிறது. வழியில் குறுக்கிடுகிறது மெக்ஸிகோ வளைகுடா. உட்காரக் கிளை இல்லை; குடிக்கத் தேன் இல்லை. அப்படிப்பட்ட கடலைச் சுமார் 500 மைல் ஒரே மூச்சில் பறந்து பல பறவைகள் கடக்கின்றன. மார்ச் மாதத்தில் தென்கரையை எட்டுகிறவை, மே மாதத்துக்குள் வட மாநிலங்களுக்கும் போய்விடுகின்றன.

களைத்து வருகிறவருக்குச் சாப்பாடு வேண்டாமா? அதே பருவத்தில் கொலம்பைன் என்னும் சிவப்பு மலர் தலை கவிழ்ந்து பூக்கிறது. அதன் நீண்ட குழல்களின் நுனியில் தேன் இருக்கிறது. அடுத்துச் செந்நிற ஹனிசக்கிள் கொடி மலர்கிறது. விநாடிக்குச் சுமார் 50 தடவை சிறகடித்து, அந்தரத்தில் நின்றபடியே பறவை தேனைக் குடிக்கிறது. பின்னோக்கிப் பறந்து அடுத்த பூவுக்குத் தாவுகிறது. பறவைக்கு உணவு, பூவுக்கு மகரந்தம் சுமக்க ஆள். இருவருக்கும் லாபம்.

பாட்டில் மட்டும் போதுமா?

பலர் சிவப்பு நிறப் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தில் தொங்கவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்பது கணக்கு. தேன் கலக்கக் கூடாது, சாயமும் வேண்டாம். வெயில் நாளில் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது பாட்டிலைக் கழுவிப் புதிதாக ஊற்ற வேண்டும். கெட்டுப்போன விருந்து நோயைத்தான் கொடுக்கும்.

ஆனால் முன்வாசலில் பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு, பின்பக்கம் பூச்சி மருந்து அடிப்பவர்களும் இருக்கிறார்களே! இது என்ன உபசாரம்? தாய்ப் பறவை சிலந்தி நூலால் பிணைத்துத்தான் கூடு கட்டுகிறது. பட்டாணி அளவில் இரண்டு முட்டையிடுகிறது. குஞ்சுகளுக்குச் சின்னஞ்சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டுகிறது. சர்க்கரைத் தண்ணீரை மட்டும் கொடுத்து யாராவது பிள்ளை வளர்ப்பார்களா? பூச்சியே இல்லாத தோட்டத்தில் கூட்டுக்கு நூலும் கிடையாது; குஞ்சுக்குச் சோறும் கிடையாது.

"பூச்சி அரித்தால் செடி என்னாவது?" என்று கேட்கலாம். நாலு இலையில் ஓட்டை விழும். அழகான விருந்தாளிக்காக அந்தச் செலவைத் தாங்கக் கூடாதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்க இப்பறவைகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. லண்டனில் அவற்றின் தோல்கள் ஏலம் போயின. 1918-ல் அமெரிக்கா வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் செய்தது. துப்பாக்கிக்கும் வலைக்கும் அது தடை போட்டது. வீட்டுக்காரர் கையில் இருக்கும் மருந்துக் குப்பிக்கு யார் தடை போடுவது? 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவில் எல்லா இனமும் சேர்ந்து ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. வாழ இடம் குறைந்ததும், பூச்சி மருந்தும் முக்கிய காரணங்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நம் முற்றத்தில்

நம் வீட்டுச் செம்பருத்தியில் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டை ஹம்மிங் பறவை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வேறு குடும்பம்; இது வேறு குடும்பம். ஆனால் இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே. தேன்சிட்டும் சிலந்தி நூல் வைத்துத்தான் கூடு பின்னுகிறது. குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது.

முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டு, "சிட்டுகளைக் காணோமே" என்று ஏங்கிப் பயனில்லை. ஒரு செம்பருத்திக்கு இடம் விடுங்கள். மருந்துக் குப்பியைத் தூர வையுங்கள். மூலையில் இருக்கும் சிலந்தி வலையைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவையுங்கள். விருந்தாளி தானே வழி கண்டுபிடித்து வருவார்.