"உனக்கு நோட்ஸ் போதும்மா"



போன வாரம் ஒரு தங்கை போன் செய்தாள். எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறாள். அவள் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். "அண்ணா, அட்வான்ஸ்டு கால்குலஸுக்குப் பாடப்புத்தகம் போக வேற எதைப் படிக்கலாம்? சார்கிட்ட கேட்டேன். 'ரூடின்னு ஒண்ணு இருக்கு, அது உனக்கு வேண்டாம்மா, பாஸ் பண்ண நோட்ஸ் போதும்'னு சொல்லிட்டார்."

அந்த 'மா'வைக் கவனியுங்கள். திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை. அன்பாகத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார். இப்போதெல்லாம் அப்படித்தான் சாத்துகிறார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் படித்த கல்லூரியில் ஒரு பேராசிரியர் தன் சொந்த அலமாரியிலிருந்து மூன்று பேருக்கு மட்டும் புத்தகம் கொடுப்பார். எந்த மூன்று பேர் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆதிதிராவிடர் நலவிடுதியிலிருந்து வந்த எங்களுக்கு ஜெராக்ஸ் கடை. ஐந்து வருட வினாத்தாளும் விடையும், ஸ்பைரல் போட்டது. ஆண்டு முடிவில் அந்த மூவரும் எழுதியதற்குத் 'திறமை' என்று பெயர், நாங்கள் எழுதியதற்குக் 'கோட்டா' என்று பெயர். புத்தகப் பட்டியல் யார் வீட்டுக்கு முதலில் போய்ச் சேருகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டுத் தகுதி பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சரி, அந்த ரூடின் யார்? வால்டர் ரூடின், 1921இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், பிறப்பின் பெயரால் விரட்டப்பட்டு நாட்டை விட்டு ஓடியவர். அகதியாக அலைந்து, 1945இல் அமெரிக்கா போய், 1949இல் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தப் போனபோது வகுப்புக்குத் தோதான புத்தகம் இல்லை என்று குறைபட்டு, தானே எழுதினார். அதுதான் 1953இல் வந்த அந்தப் புத்தகம். அதைத்தான் இங்கே கருவறை ஆக்கி, யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கலாம் என்று தீர்ப்பு சொல்கிறார்கள்.

ஆனால் தங்கையே, அவர் வேண்டாம் என்றார் என்பதற்காகவே வீம்புக்கு ரூடினை முதலில் எடுக்காதே. நான் அந்தத் தவறைச் செய்தேன். ஆறு மாதம் போனது. மிகச் சுருக்கமாக எழுதப்பட்ட புத்தகம், படம் கிடையாது, பயிற்சிகளுக்கு விடை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருப்பவனுக்கு அந்தச் சுருக்கம் அழகு. தனியாகப் படிப்பவனுக்கு அது சுவர். ஸ்பிவாக்கின் 'கால்குலஸ் ஆன் மேனிஃபோல்ட்ஸ்' (1965) இன்னும் மோசம். 150 பக்கம்கூட வராது, மெலிசு என்று நம்பி வாங்கினால் மூச்சு முட்டும். இரண்டும் இரண்டாம் சுற்றுக்கு.

நோட்ஸ் ஏன் போதாது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். கலப்புப் பகுதி வகைக்கெழுவை எந்த வரிசையில் எடுத்தாலும் ஒரே விடை என்று நோட்ஸ் ஒரு வரியில் சொல்லிவிடும். மனப்பாடம் செய்வோம். இப்போது இந்தச் சார்பை எடு: எக்ஸையும் ஒய்யையும் பெருக்கி, அதை எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒய் வர்க்கத்தால் பெருக்கி, எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஆதிப்புள்ளியில் மதிப்பு 0 என்று வைத்துக்கொள். அந்தப் புள்ளியில் முதலில் எக்ஸைப் பொறுத்தும் பிறகு ஒய்யைப் பொறுத்தும் வகையிட்டால் −1 வரும். வரிசையை மாற்றினால் +1. அந்த ஒரு வரி விதி இங்கே உடைந்துவிட்டது. ஏனென்றால் அந்த வகைக்கெழுக்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நோட்ஸ் விழுங்கிவிட்டது. போட்டித் தேர்விலும் நேர்காணலிலும் கேட்பது அந்த நிபந்தனையைத்தான். "உனக்கு இது போதும்" என்று எதை வெட்டி எடுத்தார்கள் என்று தெரிகிறதா?

ஆகவே கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முன்னுரையைப் படிக்காதே. இந்த எதிர்க்காட்டு உள்ளே இருக்கிறதா என்று தேடு. அடுத்து, விடைகள் இருக்கின்றனவா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டு. ட்யூஷன் இல்லாதவளுக்கு விடைதான் வாத்தியார்.

என் தேர்வு இது. நாராயணன் – மாணிக்கவாசகம் பிள்ளை தலைமுறைகளாக நம் கல்லூரிகளில் இருக்கிறது, கை பழகுவதற்கு அது நல்லது, விடாதே. அதற்குத் துணையாக முர்ரே ஸ்பீகல் எழுதிய 'ஷாம்ஸ் அவுட்லைன்' அட்வான்ஸ்டு கால்குலஸ். 1963இல் வந்தது, நூற்றுக்கணக்கான கணக்குகள் முழுத் தீர்வோடு இருக்கின்றன. "அது கைடு மாதிரி" என்று மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நிறுவல்களுக்கு யிர்ஷி லெபல் எழுதிய 'பேசிக் அனாலிசிஸ்'. இரண்டு தொகுதி, இரண்டாவதில் பல மாறிகள் வருகின்றன. ஆசிரியரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார், திருட்டு பிடிஎஃப் தேட வேண்டாம். கேட்டுப் படிக்க எம்.ஐ.டி.யின் இலவச வகுப்புகளில் டெனிஸ் ஆரூ நடத்திய பல மாறி நுண்கணிதம். இவற்றுக்குப் பிறகு ரூடினைத் திற. அப்போது அது சுவராக இருக்காது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கி, பகுதி வகைக்கெழுக்கள் பாடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நோட்ஸ் விழுங்கிய அந்த நிபந்தனை அதில் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது. கல்லூரியில் பாதிப் பேர் தோற்பது கணிதத்தில் அல்ல, சொல்லில். 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்று அவர் வேகமாகச் சொல்லும்போது, அது தனக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதி வகைக்கெழுதான் என்று புரியாமலே ஒரு பிள்ளை தலையைக் குனிகிறது.

நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும். நம் படிப்பு வட்டங்களின் அலமாரியைப் பாருங்கள். அம்பேத்கர் தொகுதிகள், அயோத்திதாசர், பெரியார், மார்க்ஸ். எல்லாம் வேண்டும். ஒரு கணிதப் புத்தகம் உண்டா? 'கற்பி' என்று சுவரில் எழுதிவிட்டு, வகையிடல் கற்பிக்கும் வேலையை அந்த அன்பான சாரிடமே விட்டுவிட்டோம். 1946இல் பம்பாயில் பாபாசாகேப் தொடங்க வைத்த சித்தார்த் கல்லூரி, கலையோடு அறிவியலும் சேர்ந்த கல்லூரி. கூட்டம் போட நமக்கு ஆள் இருக்கிறது, கிரீன் தேற்றம் சொல்லித்தர ஆள் இல்லை என்றால் அது எதிரியின் சதி அல்ல.

எங்கள் வட்டத்தில் ஒரு தட்டைக் காலி செய்திருக்கிறேன். இரண்டு ஷாம்ஸ் வந்துவிட்டது, லெபலை அச்செடுத்து பைண்ட் போட்டிருக்கிறோம். படித்து முடித்த அண்ணன்கள், அக்காக்கள் உங்கள் பழைய புத்தகங்களை அனுப்புங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். எந்த இடத்தில் நீங்கள் திணறினீர்கள் என்று அந்தத் தங்கைக்குத் தெரியட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் வருகிறாள், முதல் பாடம் அந்த −1, +1 கணக்குதான்.