இண்டிகேட்டர் போட்டவருக்கு வழிவிடுங்கள்

நெடுஞ்சாலையில் முன்னால் போகிற கார் திடுமென நின்று, பின்னால் வந்தவர் அதன்மேல் மோதினால், மோதியவர் மேல்தான் தப்பு என்று பேசி முடித்துவிடுவது நம் வழக்கம். 2017 ஜனவரியில் கோவையில் ஒரு பொறியியல் மாணவரின் பைக் அப்படித்தான் ஒரு காரின் பின்புறத்தில் மோதியது. கீழே விழுந்தவர்மேல் பின்னால் வந்த பேருந்து ஏறியது. அவர் ஒரு காலை இழந்தார். கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். எட்டரை ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை இறுதியில், உச்ச நீதிமன்றம் பொறுப்பில் சரிபாதியைக் கார் ஓட்டியவர் மேல் வைத்தது. பேருந்து ஓட்டுநருக்கு 30 சதவீதம். போதிய இடைவெளி விடாத மாணவருக்கு 20 சதவீதம். வேகமாக வண்டிகள் வரும் சாலையில் நிறுத்த நினைப்பவர் பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும், அவசரம் உண்மையானதாக இருந்தாலும் அந்தக் கடமை நீங்காது என்பது நீதிமன்றத்தின் நிலை.

அந்தத் தீர்ப்பு நிறுத்துவதைப் பற்றியது. ஆனால் திரும்புவதற்கும், லேன் மாறுவதற்கும், மீடியன் இடைவெளியில் யூ-டர்ன் அடிப்பதற்கும் அதே நியாயம்தான் பொருந்தும். தெரியப்படுத்தாமல் திரும்பியவரும் விபத்தின் பங்காளி. இது நம் சாலைகளில் இன்னும் யார் மனத்திலும் பதியவில்லை என்பதே நமது கவலை.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயம் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்தது இங்கேதான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவர்களில் எத்தனை பேர் இண்டிகேட்டர் போடாத வண்டியால் இறந்தார்கள் என்பதை அந்த அறிக்கையிலிருந்து எடுக்க முடியாது. அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் வருதல், சிவப்பு விளக்கை மீறுதல், செல்பேசி என்று தலைப்புகள் உண்டு. சைகை காட்டாமல் திரும்பியதற்குத் தலைப்பு இல்லை. அது ‘மற்றவை’ என்ற மூட்டைக்குள் போய்விடுகிறது. கணக்கில் வராத தவறு யாருக்கும் தவறாகத் தெரிவதில்லை.

ஏன் போடுவதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சென்னை அண்ணா சாலையிலோ மதுரையிலோ மாலை நேரத்தில் கார் ஓட்டுகிற யாரும் அறிவார்கள். இடது ஓரத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த சிக்னலில் வலப்புறம் திரும்ப வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் காருக்கு முன்னே ஒரு வண்டி நுழையும் அளவு இடம் இருக்கிறது. வலது இண்டிகேட்டரைப் போடுகிறீர்கள். அதுவரை நிதானமாக வந்த அந்தக் கார் சட்டென்று வேகமெடுத்து அந்த இடத்தை அடைக்கிறது. அதன் பின்னாலேயே இரண்டு பைக்குகள். கூடவே நீண்ட ஹாரன், ஹெட்லைட் மினுக்கல். இதைப் பத்து முறை அனுபவித்தவர் பதினோராவது முறை என்ன செய்கிறார்? இண்டிகேட்டர் போடாமல் மூக்கை நுழைக்கிறார். போட்டால் இடம் கிடைக்காது, போடாவிட்டால் கிடைக்கும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஆகவே இண்டிகேட்டர் போடாதவரை மட்டும் திட்டுவது நியாயமல்ல. ‘நான் இந்தப் பக்கம் வரட்டுமா’ என்று கேட்கிற வண்டிக்கு முன்னால் கதவை அடைப்பவரும் சமமான குற்றவாளி. முந்த வருகிற வண்டியைத் தடுக்கும்விதமாக வேகத்தைக் கூட்டக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இருந்தது. அந்த விதிக்கு ஒரு உயிர் இருக்கிறது: பக்கத்தில் போகிறவன் என் போட்டியாளன் அல்ல என்பது. ஒருவர் இண்டிகேட்டர் போட்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை ஒரு நொடி எடுப்பதால் நமக்கு ஆகும் தாமதம் ஒரு காரின் நீளம். அடுத்த சிக்னலில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கப்போகிறோம்.

போடுகிறவர்களும் பெரும்பாலும் எப்போது போடுகிறார்கள்? ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது. இண்டிகேட்டர் விளக்கு ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. மெதுவாக மின்னும் விளக்காக இருந்தால் மூன்று முறை மின்ன மூன்று நொடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அதற்குள் 50 மீட்டரைக் கடந்திருப்பார். அவர் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், கால் பிரேக்குக்குப் போக வேண்டும். திரும்பும் அதே கணத்தில் போடப்படும் இண்டிகேட்டர் நடந்து முடிந்த செயலுக்கான அறிவிப்பு. அதனால் யாருக்கும் பயனில்லை. அது போலவே, ‘நான்தான் இண்டிகேட்டர் போட்டேனே’ என்று கண்ணாடி பார்க்காமல் குறுக்கே வருவதும் தவறு. இண்டிகேட்டர் ஒரு வேண்டுகோள். சாலையை அது யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை.

நெடுஞ்சாலைகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரே விளக்கு இரண்டு பொருளில் பேசுகிறது. லாரிக்குப் பின்னால் போகிறீர்கள். லாரியின் வலது இண்டிகேட்டர் மின்னுகிறது. ‘முன்னால் ரோடு காலி, முந்திப் போ’ என்று ஓட்டுநர் அன்பாகச் சொல்வதாகவும் இருக்கலாம். வலப்புறம் இருக்கும் பெட்ரோல் பங்க்குக்கோ கிராமத்துச் சாலைக்கோ அவர் திரும்பப் போவதாகவும் இருக்கலாம். சில ஓட்டுநர்கள் முந்தச் சொல்ல இடது இண்டிகேட்டரைப் போடுகிறார்கள். நீண்ட நாள் லாரி ஓட்டியவர்கள் ரோட்டின் போக்கைப் பார்த்தே எது என்று ஊகித்துவிடுவார்கள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவருக்கு அந்த அனுபவம் கிடையாது. அவர் ஒன்றை நினைத்து முந்தும்போது லாரி மற்றதைச் செய்தால், அந்தக் காருக்குத் தப்பிக்க இடமில்லை.

இந்தக் குழப்பம் பழைய விதிகளில் இல்லை. 1989ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஐந்து கை சைகைகளைத் தனித்தனியே சொன்னது. வலப்புறம் திரும்ப, வலக்கையை உள்ளங்கை முன்னால் தெரிய நேராக நீட்ட வேண்டும். இடப்புறம் திரும்ப, நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் வேறு வேறு சைகைகள். பின்னால் வருபவரை முந்தச் சொல்ல, நீட்டிய கையை அரைவட்டமாக முன்னும் பின்னும் வீச வேண்டும். கை ஐந்து செய்திகளைச் சொன்னது. பின்னால் மின்னும் விளக்குக்கு இடம், வலம் என்று இரண்டே. ஐந்தாவது செய்தியையும் அந்த இரண்டுக்குள் திணித்ததால் வந்த வினை இது. முந்தச் சொல்ல இண்டிகேட்டரைப் பயன்படுத்தும் வழக்கத்தை லாரி உரிமையாளர் சங்கங்களும் ஓட்டுநர் சங்கங்களும் கைவிடச் செய்ய வேண்டும். நல்லெண்ணத்தில் வந்த வழக்கம்தான். ஆனாலும் அது போக வேண்டும்.

இந்த வழக்கத்தின் தம்பி, நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவிடும் ஹசார்ட் லைட். பழுதாகி நிற்கும் வண்டிக்காக வைக்கப்பட்ட விளக்கு அது. நம் ஊர்களில் நாற்சந்தியில் ‘நான் நேராகப் போகிறேன்’ என்று சொல்ல அதைப் போடுகிறார்கள். டிரைவிங் ஸ்கூலிலேயே அப்படிச் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. நேராகப் போகிறவர் எந்தச் சைகையும் காட்டத் தேவையில்லை. பக்கவாட்டுச் சாலையில் நிற்பவருக்கு அந்த வண்டியின் ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். தன் பக்கமாகத் திரும்பப் போகிறது என்றே அவர் எடுத்துக்கொள்வார். மழையில் ஹசார்ட் போட்டபடி ஓடும் கார் லேன் மாறும்போது எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கடவுள்தான் அறிவார்.

வண்டி ஓட்டாதவர்களையும் நினைக்க வேண்டும். தெருமுனையில் காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி நிற்கிறார். வருகிற கார் நேராகப் போகுமா, தன் தெருவுக்குள் திரும்புமா என்று அதன் விளக்கைப் பார்த்தே அவர் முடிவெடுக்க வேண்டும். இண்டிகேட்டர் இல்லை, நேராகப் போகும் என்று நம்பி அடி எடுத்து வைக்கிறார். கார் திரும்புகிறது. நம் ஊர்களில் பெரும்பாலான முனைகளில் நடப்பவருக்குச் சிக்னலும் இல்லை, கோடும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே துணை அந்த ஆம்பர் விளக்கு. அதையும் நாம் அவருக்குத் தர மறுக்கிறோம். ‘ரோட்டில் யாருமே இல்லையே, யாருக்குப் போடுவது’ என்பவர்களுக்கும் பதில் இதுவே. உங்கள் கண்ணில் படாத ஒருவருக்குத்தான் அது மிகவும் தேவை.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆவது பிரிவு சைகை காட்டுவதை ஓட்டுநரின் கடமையாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான விதிமீறலுக்கு 177ஆவது பிரிவின் கீழ் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் அபராதம். ஆனால் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதற்காக அபராதம் கட்டிய ஒருவரை உங்கள் தெருவில் தேடிப் பாருங்கள். ஹெல்மெட்டுக்காகப் பிடிக்கிறார்கள், மூன்று பேர் போனால் பிடிக்கிறார்கள், குடித்திருந்தால் பிடிக்கிறார்கள். அதெல்லாம் தேவைதான், ஹெல்மெட் அணிகிறவர்கள் கூடியிருப்பதே, விடாமல் பிடித்தால் வழக்கம் மாறும் என்பதற்குச் சான்று. அதே முனைப்பை இதிலும் காட்டச் சொல்கிறோம். பெரிய சந்திப்புகளில் கேமராக்கள் நிற்கின்றன. சிவப்பு விளக்கைத் தாண்டியவரைப் பதிவுசெய்யும் இடத்தில், சைகை இல்லாமல் திரும்பியவரையும் பதிவுசெய்யலாம். முதல் சில மாதங்கள் அபராதம் வேண்டாம், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி போதும்.

அதற்கும் முன்னால் திருத்த வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகத்து மைதானம். உரிமம் என்றால் பைக்கில் எட்டு போடுவது என்றாகிவிட்டது. கால் ஊன்றாமல் எட்டு போட்டவர் தேறிவிடுகிறார். சரியான நேரத்தில் சைகை காட்டுவதும் தேர்வின் பகுதி என்றுதான் விதி சொல்கிறது. அந்த எட்டிலேயே ஒவ்வொரு வளைவுக்கும் முன் இண்டிகேட்டர் போட வேண்டும், போடாதவர் இன்னொரு நாள் வரட்டும் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டிப்பாக இருந்தால், அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூல்கள் அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடும். இதற்குப் புதுச் சட்டமோ, ஒரு ரூபாய்ச் செலவோ தேவையில்லை.

வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. காரில் திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் அணையாது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்த வேண்டும். மறந்துபோய் இரண்டு தெரு தாண்டியும் மின்னிக்கொண்டே போகிறவரைப் பார்த்து, எதிரே வருபவர் கையை மூடி மூடித் திறந்து காட்டுவதும், ‘சார், இண்டிகேட்டர்!’ என்று பக்கத்தில் போகிறவர் குரல் கொடுப்பதும் நம் ஊரில் தினமும் நடக்கிற நல்ல காரியம். முகம் தெரியாதவர்மேல் நமக்கு அக்கறை இல்லாமல் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஆனாலும் அணைக்க மறந்த விளக்கு பொய் சொல்கிறது. பலமுறை பொய் சொன்ன விளக்கை எதிரே வருபவர் நம்புவதை நிறுத்திவிடுகிறார். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. யாருடைய விருப்பத்துக்கும் விடவில்லை. தானாக அணையும் இண்டிகேட்டரையும் அப்படியே கட்டாயமாக்கலாம்.

மாநில அரசு இதில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடப்பக்கம் ஒதுங்கி, மறுபடி வலப்பக்கம் வந்து சேரும் வண்டி அரசுப் பேருந்து. நம் சாலைகளில் அதிகமாகச் சைகை காட்ட வேண்டியதும் அதுதான். பல பேருந்துகளில் பின்பக்க இண்டிகேட்டர் உடைந்தோ, தூசு மூடியோ கிடக்கிறது. ஜன்னலோரப் பயணி கையை வெளியே நீட்டுவதும், நடத்துநர் விசில் ஊதுவதும்தான் பின்னால் வருபவருக்குச் செய்தி. கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் மையம் நடத்துகிற மாநிலம் நாம். திறமையான ஓட்டுநர்களுக்குப் பஞ்சமில்லை. இண்டிகேட்டர் எரியாத பேருந்து காலையில் பணிமனையை விட்டு வெளியே வரக் கூடாது என்று போக்குவரத்துத் துறை உத்தரவிடட்டும். நிறுத்தத்திலிருந்து புறப்படும் பேருந்து வலது விளக்கைப் போட்டால் மற்ற வண்டிகள் நின்று வழிவிட வேண்டும் என்பதையும் அந்த உத்தரவோடு சேர்த்து அறிவித்து, போக்குவரத்துப் போலீஸார் அதைச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் நடைமுறைப்படுத்தட்டும்.