பதில் தயார், கேள்வியை வாசியுங்கள்

வானொலித் துறையில் ஒரு வாசகம் பல வருடங்களாக ஊர்சுற்றி வருகிறது. அறிவிப்பாளர் பயிற்சிப் பட்டறைகளிலும் ஆண்டு விழா மேடைகளிலும் அது தவறாமல் தலைகாட்டும். நட்சத்திரத்தின் குரல் நேயருக்குக் கிடைத்துவிட்டது. கேள்வியை யார், எப்போது கேட்டிருந்தால் என்ன, கேட்பவருக்கு என்ன நட்டம்? இப்படிக் கேட்டு முடிப்பதற்குள் கைதட்டல் விழுந்துவிடும். விடியற்காலையில் பால் வெட்டப் போய், வெயில் ஏறியபின் யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ தன் லயத்துக்குத் திரும்பி ரேடியோவைப் போடுகிற ஆளிடம் மட்டும் அந்தக் கணக்கை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

கைதட்டல் வாங்கும் இந்தச் சரக்கு, அதாவது பதில்களை மட்டும் பதிவுசெய்து அனுப்பும் பேட்டி, எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் உள்ளூர் வானொலிகளுக்கு ஏழு அங்குலத் தட்டு ஒன்றை அனுப்பிவைத்தது. பீட்டில்ஸ் நால்வரின் பதில்கள் மட்டும் அதில் பதிவாகியிருந்தன. பதிலுக்கும் பதிலுக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட மௌனம். கேள்விகள் தட்டின் உறையில் வரிசையாக அச்சாகியிருந்தன. அறிவிப்பாளர் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியை வாசிக்க வேண்டும், மௌனம் தீர்வதற்குள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உடனே லண்டனிலிருந்தோ பக்கத்து அறையிலிருந்தோ பேசுவதுபோல் பதில் வரும். எந்த ஊரில் யார் கேட்டாலும் அதே பதில், அதே இடத்தில் அதே சிரிப்பு. விற்க வேண்டிய பாட்டுகளும் மூன்று கூடவே இருந்தன. முதல் தட்டு நன்றாக ஓடியதால் அதே ஆண்டில் இரண்டாவது தட்டும் வந்தது. ஹொலிவூட் படக் கம்பெனிகள் இந்த வித்தையை அதற்கு முன்பே பழகியிருந்தன. இன்று தட்டின் இடத்தில் குரல்பதிவுக் கோப்பு இருக்கிறது, உறையின் இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. வித்தை மாறவில்லை.

பதிவு செய்வதே குற்றமா என்று ஒரு கட்சி கிளம்பும். யார் அப்படிச் சொன்னது? 1952 முதல் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா பம்பாயில் பதிவாகி, ஒலிநாடாவாகக் கொழும்புக்கு வந்து, இலங்கை வானொலியில் புதன் இரவுகளில் ஒலித்தது. இந்தியா முழுவதும் காத்திருந்து கேட்டது. எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பதாக சயானி நடிக்கவில்லை. நேயரைப் பார்த்து நேராகப் பேசினார். அந்தக் கட்சியை இத்துடன் மூடிவிடலாம்.

நேயருக்கு எல்லாம் தெரியும் என்பது அடுத்த வாதம். எல்லாம் தெரிந்தவருக்கு எதற்கு அவ்வளவு கவனமாக அளந்துவிட்ட மௌனம்?

மூன்றாவது, இது வெறும் பொழுதுபோக்கு என்பது. பிபிசியும் ஒரு காலத்தில் அந்த நினைப்பில்தான் இருந்திருக்க வேண்டும். அதன் 6 மியூசிக் வானொலியில் லிஸ் கெர்ஷா நடத்திய நிகழ்ச்சியின் சில பகுதிகள் முன்கூட்டியே பதிவானவை. நேரலை என்று சொல்லி ஒலிபரப்பினார்கள். தொலைபேசியில் வந்து போட்டியில் கலந்துகொண்ட ‘நேயர்கள்’ நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும்தான். 2008 ஜூலையில் ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் 1,15,000 பவுண் அபராதம் போட்டது. இதே மாதிரியான எட்டு நிகழ்ச்சிகளுக்குச் சேர்த்து அபராதம் 4,00,000 பவுண். பொழுதுபோக்குதானே என்று அபராதத்தில் ஒரு பென்னியும் தள்ளுபடியாகவில்லை.

நான்காவது வாதத்தைத்தான் எல்லோரும் கண்ணீரோடு சொல்வார்கள். பாவம், சின்ன வானொலி. பெரிய நட்சத்திரம் அதன் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். அனுப்பிய தட்டைப் போடாவிட்டால் வேறென்ன வழி? வழி இருந்தது. அதுவும் அதே 1964இல், அதே பீட்டில்ஸிடம் இருந்தது. மயாமியில் டபிள்யூஎஃப்யூஎன் என்ற உள்ளூர் வானொலியின் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாக லரி கேன் என்பவர் இருந்தார். வயது 21. ஒரு பேட்டி வேண்டுமென்று அவர் குழுவின் முகாமையாளர் பிரையன் எப்ஸ்டீனுக்குக் கடிதம் எழுதினார். பேட்டி கேட்டவருக்குச் சுற்றுப்பயணம் முழுவதும் கூடவே வரும் வாய்ப்பு கிடைத்தது. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், கேற்றர் போல் மைதானத்தில் செப்டெம்பர் 11ஆம் தேதி நிகழ்ச்சி. கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் அந்த ஊரில் இன்னும் சாகவில்லை. தன் மாநிலத்துச் சங்கதி கேனுக்குத் தெரியும். அதை நால்வரிடமும் நேராகவே கேட்டார். அப்படிப் பிரித்தால் பாடமாட்டோம் என்று பதில் வந்தது. பிறகு அதைப் பகிரங்க அறிக்கையாகவும் வெளியிட்டார்கள். மைதானத்தில் யாரையும் பிரித்து உட்காரவைக்கவில்லை.

தட்டு அழுத்தியபோது ஜாக்சன்வில் பிரச்சினையே எழவில்லையே என்று யாராவது சொல்லலாம். தாராளமாகச் சொல்லட்டும், தட்டின் குறையே அதுதான். நாளை நேயரின் ஊரில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், பாட்டு விற்கிறவர் எழுதிய கேள்வித்தாளில் வியாபாரத்தைக் கெடுக்கும் கேள்வி ஏறியிருக்காது. கேனிடம் பெரிய நிலையமும் இல்லை, பெரிய பெயரும் இல்லை. சொந்தக் கேள்வி ஒன்று இருந்தது. உறையை வாசித்த அறிவிப்பாளர்களிடம் மைக் இருந்தது.

இதையே கேகாலைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 2016 மே 17ஆம் தேதி அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொகுபிட்டிய களுப்பான தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து உயிர்கள் போயின. அப்படியொரு வாரத்தில் சென்னையிலிருந்து வந்த பதில் கோப்பை ஓடவிட்டால் என்ன கேட்கும்? இலங்கை ரசிகர்களின் அன்பை மறக்கவே முடியாது என்று உற்சாகமாக ஒரு குரல் கேட்கும். மண்சரிவுக்கு முந்திய வாரமும் அதே குரல், பிந்திய வாரமும் அதே உற்சாகம். அறிவிப்பாளர் வேறு கேள்வி கேட்கவும் முடியாது. கேட்டால் பதில் பொருந்தாது.

இனி நட்டக் கணக்கு. தாளை வாசிக்கப் பழகிய வாய், தாள் எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் பார்த்துக்கொண்டிருக்காது. 2004இல் அமெரிக்கச் சுகாதாரத் துறை, முதியோருக்கான புதிய மருந்துக் காப்புறுதிச் சட்டத்தைப் புகழும் செய்தித் துண்டுகளைத் தானே தயாரித்துத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பியது. நிருபர் குரலில் பேசிய கேரன் ரையன் மக்கள் தொடர்புத் தொழில் நடத்தியவர். உள்ளூர்ச் செய்தி வாசிப்பாளர் அந்தத் துண்டை அறிமுகம் செய்ய வேண்டிய வரிகளும் எழுதியே வந்தன. பீட்டில்ஸ் உறை அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். குறைந்தது 40 நிலையங்கள் அதைச் செய்தியாகக் காட்டின. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் அதைச் சட்டவிரோதப் பிரசாரம் என்று தீர்த்தது.

தோட்டத்து மக்களுக்கு இது தூரதேசத்துக் கதையா? நாள் சம்பளம் 1,000 ரூபாய் எப்போது வரும் என்ற ஒரே கேள்வியை வருடக்கணக்காகக் கேட்டவர்கள் அவர்கள். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் ஏறி நடைமுறைக்கு வந்தது. அத்தனை வருடமும் தலைவர்களையும் அமைச்சர்களையும் பேட்டி கண்டவர்கள், அவர்கள் தரப்பு எழுதிக்கொடுத்த கேள்விகளை மட்டும் வாசித்திருந்தால், அந்த ஒன்று காற்றில் வந்தே இருக்காது. நடிகரிடம் உறை வாங்குகிறவருக்கு அமைச்சரிடம் வாங்குவதற்குக் கை கூசாது.

பதிவுசெய்த பேட்டியைப் போடட்டும், தடையில்லை. இது பதிவு, கேள்விகளும் எங்களுடையவை அல்ல என்று தொடக்கத்தில் ஒரு வரி சொல்லப் பத்து விநாடி போதும். அந்த வரி வராத பேட்டியைக் கேட்க நேர்ந்தால், கேகாலை நேயர்கள் ஒரு தபாலட்டை எடுத்து நிலையத்துக்கு எழுதுங்கள்: அறிவிப்பாளர் கேட்ட கேள்விகளை எழுதியது யார்?