தேவையில்லாத கெர்னல் மாட்யூல் தானாக ஏறுவதைத் தடுப்பது எப்படி?

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி, பெங்களூரில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட ஊருக்கு ஒன்று சொல்லாமலே புரியும்: வேலை நின்றாலும், வாய் அடைக்காத குழி ஆபத்துதான். கெர்னல் மாட்யூலும் அப்படித்தான்.

என்ன ஆபத்து?
டிசிசிபி என்பது பெரும்பாலானோர் தொடவே தொடாத நெட்வொர்க் நெறிமுறை. 2005 முதல் அதில் ஒளிந்திருந்த ஓட்டை 2017 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. சாதாரண யூசர் ஒரு டிசிசிபி சாக்கெட் திறந்தாலே, பல சிஸ்டங்களில் அந்த மாட்யூல் தானாக ஏறிடும். அங்கிருந்து ரூட் அதிகாரம் வரை போகலாம்.

பிளாக்லிஸ்ட் போதாதா?
போதாது. நேரடியாகப் பெயர் சொல்லியோ, இன்னொரு மாட்யூலின் தேவைக்காகவோ அழைத்தால் ஏறிடும். மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் 'இன்ஸ்டால்' வரி எழுதி, மாட்யூல் பெயருக்குப் பின்னால் '/பின்/ஃபால்ஸ்' கொடுங்கள். இன்னும் கறாராக வேண்டுமா? தேவையானவை ஏறியபின் 'மாட்யூல்ஸ்_டிசேபிள்டு' மதிப்பை 1 ஆக்குங்கள். ரீபூட் வரை ரூட்கூட புதிதாக எதையும் ஏற்ற முடியாது.

2025-ல் டிசிசிபி கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டது. ஆனால், 'எல்எஸ்மாட்' காட்டுவது ஏறிய மாட்யூல்களை மட்டும்தான். ஏறக் காத்திருப்பவற்றை நீங்கள்தான் தேடிப் பார்க்கணும்.